பாவம் ஓரிடம், பழி ஓரிடம்: கரகரக்கும் ஸ்பீக்கரைத் தேடி

திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அந்த வீடு. ஜன்னல் கம்பி, கேட்டின் தாழ்ப்பாள், மாடிப்படிக் கைப்பிடி என்று இரும்பு எதுவானாலும் துருப்பிடித்துக் கிடக்கிறது. வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹாலில் தொண்ணூறுகளில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், ஒரு சிடி பிளேயர், ஒரு ரெக்கார்டு பிளேயர். கொஞ்ச நாளாக வலது ஸ்பீக்கர் கரகரக்கிறது. ஒரு கடையில் விசாரித்திருக்கிறார். "வூஃபர் போச்சு சார். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புது ஜோடியே வாங்கிடலாம்" என்றார்களாம். அவருக்கு மனசு வரவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஆம்ப் பழுது பார்க்கும் பாய் ஒருவரை வரவழைத்தார். பாய் கடையை விட்டு நகர்வது அபூர்வம். வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் நானும் கூடவே தொற்றிக்கொண்டேன்.

பாய்க்கு அறுபது வயதுக்கு மேல். தோள்பையில் ஒரு மல்டிமீட்டர், திருப்புளிகள், பென்டார்ச், ஒரு பழைய பெயின்ட் பிரஷ், ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்று, பென்சில் கனத்தில் ஒரு மூங்கில் குச்சி. வீட்டுக்காரர் செட்டைப் போட எழுந்தார்.

"இருங்க சார். கேக்கறதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. போட்டதும் வருதா, சூடானப்புறம் வருதா?"

"அப்படி ஒண்ணும் கவனிக்கல பாய்."

"சிடில மட்டுமா, எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

"சத்தமா வெச்சா அதிகமாகுதா?"

வீட்டுக்காரர் யோசித்தார். பதில் சமையலறையிலிருந்து அவர் மனைவியிடமிருந்து வந்தது. "காலைல சுப்ரபாதம் சன்னமா வெப்பேன். அப்போதான் அந்தப் பக்கம் கரகரன்னு இழுக்கும். சில நாள் சத்தமே வராது. சாயங்காலம் இவர் அலற விட்டார்னா தானா சரியாயிடும்."

பாய் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அம்மா பாதி வேலையை முடிச்சுட்டாங்க." அடிபட்ட ஸ்பீக்கர் சத்தம் கூடக் கூட மோசமாகும். சன்னமாக வைத்தால் தப்பித்துக்கொள்ளும். இங்கே நடப்பது நேர்மாறு. "சத்தம் வர்ற இடம் ஒண்ணு சார், பொறக்கற இடம் இன்னொண்ணு. ஆம்ப்ல கோளாறு, ஒயர்ல கோளாறு, பிளேயர்ல கோளாறு, எதுவானாலும் கடைசில ஸ்பீக்கர் வழியாத்தானே வெளிய வந்தாகணும்? அதான் எல்லாரும் அது தலையிலயே கட்டிடறாங்க."

சத்தங்களைப் பிரித்தல்

சோதிக்க அவர் பாட்டுப் போடவில்லை. செல்போனில் சுருதிப் பெட்டி செயலியைத் திறந்து, ஒயர் வழியாக ஆம்ப்பில் கொடுத்தார். தாளமும் வாத்தியங்களும் நிறைந்த பாட்டில் சின்னக் கரகரப்பு ஒளிந்துகொள்ளும். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடும் சுருதியில் ஒரு பிசிறு விழுந்தாலும் காதில் குத்தும். போனை ப்ளூடூத்தில் இணைக்காததற்கும் காரணம் உண்டு. சிக்னல் விட்டு விட்டு வந்தால் அதுவும் வெட்டி வெட்டி ஒரு சத்தம் தரும். சந்தேகத்தைக் குறைக்க வந்த இடத்தில் புதுச் சந்தேகம் எதற்கு என்றார்.

வால்யூம் பூஜ்யத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அமைதி. பாய் குமிழை மெதுவாகத் திருப்பினார். இரண்டு ஸ்பீக்கரிலும் 'சர்ர்ர்' என்று இழுத்தது. திருப்புவதை நிறுத்தியதும் சத்தமும் நின்றது. "இது வால்யூம் கண்ட்ரோல் அழுக்கு. இது தனி கேஸ், அப்புறம் பாப்போம்." குமிழுக்குள் கார்பன் பூசிய ஒரு தடமும் அதன்மேல் உரசிப் போகும் ஒரு முள்ளும் இருக்கின்றன. தடத்தில் தூசியும் பிசுக்கும் படிந்தால் முள் துள்ளித் துள்ளிப் போகிறது. அந்தத் துள்ளல்தான் சரசரப்பு.

அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் 'டப்' என்று ஒரு வெடிப்பு. வீட்டுக்காரர் "இதுவும் வருது பாய்" என்றார். பாய் செட்டைப் பார்க்காமல் சமையலறையைப் பார்த்தார். ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் அப்போதுதான் நின்றிருந்தது. மோட்டார் நிற்கும்போதும் கிளம்பும்போதும் மின்கம்பியில் ஒரு துடிப்பு பாயும். ஒரே லைனில் ஆம்ப்பும் இருந்தால் அது ஸ்பீக்கரில் கேட்கும். குழல்விளக்கின் பழைய ஸ்டார்ட்டரும் இதையே செய்யும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் 'ஜ்ஜ்ஜ்' என்று விடாமல் இரையும். செட்டுக்கு வேறு பிளக் பாயின்ட் கொடுத்தாலே இதில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

அடுத்தது ரெக்கார்டு பிளேயர். தட்டு சுழலத் தொடங்கியதும் 'டிக்... டிக்...' என்று ஒரே சீராக வந்தது. பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்பி தட்டு ஒரு சுற்று முடிக்க 1.8 விநாடி ஆகும். அந்த இடைவெளியில் ஒரு டிக் தவறாமல் வந்தால் தட்டில் கீறல் என்று அர்த்தம். கணக்கில்லாமல் பொரிந்தால் அது தூசி, அல்லது தட்டில் ஏறிய நிலை மின்சாரம். எப்படியானாலும் ஆம்ப்புக்கு அதில் பங்கில்லை.

இப்படி மூன்று சத்தங்களைத் தள்ளிவைத்த பிறகுதான் வந்த காரியத்துக்கே வந்தார். வால்யூம் கால்வாசிக்கும் கீழே. இடப்பக்கம் சுருதி தெளிவாக ஓடுகிறது. வலப்பக்கம் தேய்ந்து, கரகரத்து, நடுவே காணாமல் போய், திரும்பி வருகிறது.

இடம் மாற்றிப் பார்த்தல்

செட்டை அணைத்தார். ஆம்ப்பின் பின்பக்கம் வலது ஸ்பீக்கரின் ஒயரை இடது முனையிலும், இடது ஸ்பீக்கரின் ஒயரை வலது முனையிலும் மாட்டினார். ஸ்பீக்கர்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. வேறெதையும் தொடவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டுமாம். இரண்டை மாற்றிவிட்டால் எது குணமாக்கியது என்று தெரியாது.

செட்டைப் போட்டதும் கரகரப்பு இடது ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. அத்தனை நாள் பழி சுமந்த வலது ஸ்பீக்கர் சுத்தமாகப் பாடியது.

"புதுசு வாங்கியிருந்தா?" என்றார் வீட்டுக்காரர்.

"அதுவும் கரகரக்கும் சார்."

ஒயர்களைப் பழையபடி மாட்டினார். ஒயர் முனைகளில் செம்பு கறுத்துப் பச்சை பூத்திருந்தது. கடல் காற்றின் வேலை. கறுத்த பகுதியை வெட்டி, புதிதாகத் தோல் சீவி, பிரி ஒன்றுகூட வெளியே நீட்டாமல் முறுக்கி மாட்டினார். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிரி பக்கத்து முனையைத் தொட்டால் கரகரப்போடு நிற்காது, ஆம்ப்பே புகைந்துவிடலாம்.

அடுத்த மாற்றம் உள்ளே வரும் பக்கம். போனிலிருந்து வரும் ஒயரின் சிவப்புப் பின்னையும் வெள்ளைப் பின்னையும் இடம் மாற்றிச் செருகினார். கோளாறு போனிலோ அந்த ஒயரிலோ இருந்தால் கரகரப்பு இப்போது இடப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. வலப்பக்கமே கேட்டது. ஆக ஸ்பீக்கரும் குற்றவாளி இல்லை, பாட்டு வரும் பக்கமும் இல்லை. மிச்சம் ஆம்ப்ளிஃபயர்.

அதற்குள்ளும் வட்டத்தைச் சுருக்கினார். ஹெட்போனை மாட்டி என்னிடம் கொடுத்தார். இரண்டு காதிலும் துளிக் கரகரப்பு இல்லை. "இந்த மாடல்ல ஹெட்போன் லைன் ரிலேக்கு முன்னாடியே பிரிஞ்சுடுது. அங்க வரைக்கும் சுத்தம்னா, அதுக்கப்புறம் இருக்கறது ரிலேவும் ஸ்பீக்கர் ஸ்விட்சும்தான்." ஸ்விட்சை ஏ-யிலிருந்து பி-க்கு மாற்றி, ஒயரையும் அங்கே மாட்டிப் பார்த்தார். கரகரப்பு மாறவில்லை. ஸ்விட்சும் கழிந்தது.

ஆம்ப்பைப் போட்ட சில விநாடிகளில் உள்ளே 'க்ளிக்' என்று கேட்குமே, அதுதான் ரிலே. செட் போட்டவுடன் எழும் அதிர்ச்சி ஸ்பீக்கரில் விழாமல் தடுக்கவும், ஆம்ப் கெட்டு நேர்மின்சாரம் வெளியே வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துக் காப்பாற்றவும் வைத்திருக்கும் காவல்காரன்.

மூடியைக் கழற்றியபோது

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பாய் டீ குடிக்க உட்கார்ந்தார். அது ஓய்வு இல்லை என்று பிறகுதான் புரிந்தது. மூடியைக் கழற்றியதும் முதலில் மல்டிமீட்டர் முனைகளை எடுத்து, உள்ளே டம்ளர் மாதிரி நின்ற இரண்டு பெரிய கண்டன்சர்களின் மேல் வைத்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டரில் எண் இறங்கிப் பூஜ்யத்தை நெருங்கிய பிறகே கையை உள்ளே விட்டார்.

முப்பது வருடத் தூசி. ஒரு மூலையில் எறும்பு மண். ஹீட் சிங்க்கின் இடுக்கில் பல்லி முட்டையின் ஓடு. பெயின்ட் பிரஷால் எல்லாவற்றையும் தள்ளினார். பின்பலகையை ஒட்டித் தீப்பெட்டியை விடச் சின்னதாக, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் மூடிக்குள் ரிலே. பென்டார்ச்சை அடித்துக் காட்டினார். உள்ளே இரண்டு ஜோடித் தகடுகள். ஒவ்வொன்றின் முனையிலும் கடுகளவில் ஒரு குமிழ். இடது ஜோடி மங்கிய வெள்ளியாக இருந்தது. வலது ஜோடி கரிக்கட்டை நிறம்.

நிரூபிக்காமல் அவர் விடவில்லை. எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, மூடி திறந்தபடியே செட்டைப் போட்டார். சுருதி ஓடியது. மூங்கில் குச்சியால் டிரான்சிஸ்டர் பக்கம் தட்டினார், மாற்றமில்லை. கண்டன்சர் பக்கம் தட்டினார், மாற்றமில்லை. ரிலேயின் தலையில் லேசாக ஒரு தட்டு. வலப்பக்கம் 'கர்ர்' என்று இழுத்துவிட்டுப் பளிச்சென்று வந்தது. மறுபடி தட்டினார், போய்விட்டது.

அம்மா சொன்னதன் காரணம் அப்போது விளங்கியது. அந்தக் குமிழ்களின்மேல் படிந்த கறுப்புப் படலம் மின்சாரத்தைத் தடுக்கிறது. சன்னமான பாட்டின் சின்ன மின்சாரத்தால் அதைத் துளைக்க முடிவதில்லை. சத்தமாக வைக்கும்போது பாயும் பெரிய மின்சாரம் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது. சாயங்காலக் கச்சேரி முடிந்து, மறுநாள் காலை சுப்ரபாதத்துக்குப் பழைய கதை.

"உப்புத்தாள் வெச்சுத் தேச்சா போதாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"தேச்சா இன்னைக்கே பாடும். ஆனா மேல் பூச்சு போயிடும், கொஞ்ச மாசத்துல திரும்ப வரும். ரிலே என்ன சார், எரநூறு ரூபாக்குள்ள."

ஸ்பீக்கருக்கும் ஒரு பரிசோதனை

குற்றமற்றது என்று தெரிந்த பிறகும் பாய் ஸ்பீக்கர்களின் முன்வலையைக் கழற்றினார். இரண்டு கைவிரல்களையும் வூஃபர் கூம்பின்மேல் எதிரெதிரே வைத்து, சமமாக உள்ளே அழுத்தி விட்டார். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். உரசும் சத்தம் இல்லை. இருந்தால், கூம்போடு ஒட்டிய கம்பிச்சுருளான வாய்ஸ் காயில், காந்தத்தில் இடிக்கிறது என்று பொருள். பேட்டரியை ஒயர் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுத்தார். 'டொப்' என்று கூம்பு முன்னால் வந்து போனது. மீட்டரில் 6 ஓமுக்குச் சற்று மேல். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு ஏழு காட்டினால் சரி. எண் நிற்காமல் குதித்தாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோதான் காயிலையோ அதற்குப் போகும் பின்னல் ஒயரையோ சந்தேகிக்க வேண்டும்.

இடது வூஃபரின் ஓரத்தை நகத்தால் தொட்டபோதுதான் முகம் சுருங்கியது. கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் ஃபோம் வளையம் பொடிப்பொடியாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் கிழியவில்லை. "கிழிஞ்சா இது நிஜமாவே படபடக்கும். அதுக்குள்ள கொண்டாங்க."

பாயின் மேசையில்

ஆம்ப்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டை பக்கம் போனோம். நரசிங்கபுரம் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே அவர் கடை. இரண்டு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். ரிலேயைக் கழற்றி மாற்ற டீ ஆறும் நேரம்தான் ஆனது. மிச்ச நேரத்தில் மேசையில் கிடந்த மற்றக் கரகரப்புகளைப் பார்த்தேன்.

ஒரு ஆம்ப், போட்டு அரை மணி நேரம் ஒழுங்காகப் பாடி, சூடேறியதும் படபடக்கத் தொடங்குமாம். பாய் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். சர்க்யூட் போர்டின் அடியில் பவர் டிரான்சிஸ்டரின் கால் ஒன்றைச் சுற்றி, ஈயத்தில் மயிரிழை போல ஒரு வளையம். டிரை சால்டர். வருடக்கணக்காகச் சூடாகி விரிந்தும் ஆறிச் சுருங்கியும் ஈயம் காலை விட்டுப் பிரிந்துவிட்டது. தலைமுடி உலர்த்தும் கருவியால் ஒவ்வொரு பகுதியாகச் சூடு காட்டித்தான் இந்த இடத்தைக் கண்டுபிடித்தாராம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்.

இன்னொன்றில் வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல ஒரு சத்தம். வால்யூமைக் குறைத்தால் சத்தமும் குறைகிறதா என்பது பாயின் முக்கியமான கேள்வி. குறைந்தால் கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால் இருக்கிறது. குறையாவிட்டால் அதற்குப் பின்னால். இது பின்னால் உள்ள வகை. பவர் போர்டின் தொடக்கத்தில் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் வயதாகிப் புலம்புகிறது.

ஸ்பீக்கர் வேலை கடைப் பையன் கையில். 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வடிவமைத்த அதே ஏற்பாடுதான் இன்றும். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய ஒரு கூம்பு. அந்த இடுக்கில் சுருளுக்கு இருபுறமும் உள்ள இடைவெளி மில்லிமீட்டருக்கும் குறைவு. சுருள் சற்றே சாய்ந்தாலும் உரசும். யாரோ கொடுத்திருந்த ஒரு ஸ்பீக்கரில் உதிர்ந்த ஃபோமைப் பையன் பிளேடால் சுரண்டி எடுத்தான். நடுவிலுள்ள தூசி மூடியை அறுத்துத் திறந்து, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய பட்டைகளைச் சுருளைச் சுற்றிச் செருகினான். சுருள் நட்ட நடுவில் நின்ற பிறகு புது ஃபோமை ஒட்டினான். பசை காய்ந்ததும் பட்டைகளை உருவிவிட்டுத் தூசி மூடியை ஒட்டுவானாம். நம் ஊர் ஈரக் காற்றில் ஃபோம் பத்துப் பதினைந்து வருடம் தாங்கினாலே பெரிது, ரப்பர் வளையம் அதைவிட அதிகம் உழைக்கும் என்றார் பாய்.

கருகிய காயில்களும் ஒரு டப்பாவில் கிடந்தன. பெரும்பாலும் விசேஷ வீடுகளில் வாங்கிய அடி. சின்ன ஆம்ப்பை முழு வால்யூமில் அலற விட்டால், அதன் சக்தி எல்லையில் ஒலியின் உச்சி வெட்டுப்பட்டுப் போகும். அந்த வெட்டுப்பட்ட ஒலி முதலில் உச்சஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைத்தான் பலி வாங்கும். உச்சத்தில் கரகரத்தால் உடனே குறைத்துவிட வேண்டும்.

கடைசியாகத் திருவான்மியூர் ஆம்ப்பின் வால்யூம் கண்ட்ரோல். எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் கான்டாக்ட் கிளீனரை அதன் துளைக்குள் ஒரு பீய்ச்சு. பிறகு குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பலமுறை திருப்பினார். காய விட்டார். சரசரப்பு போயே போய்விட்டது. இதற்குத் தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் விட்டுக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்களாம். எண்ணெய் தூசியைக் கூட்டிச் சேற்றாக்கிவிடும். கிளீனர் போட்டும் சரசரப்பு திரும்பி வந்தால், முன்னால் உள்ள கண்டன்சர் கசிந்து நேர்மின்சாரம் வால்யூம் கண்ட்ரோலுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை.

ரிலே, சுத்தம் செய்த கூலி, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. புது ஸ்பீக்கர் ஜோடிக்கு அவரிடம் சொல்லியிருந்த விலையில் அது மிகச் சிறிய பங்கு.

உங்கள் வீட்டுச் செட்டும் கரகரத்தால், கடைக்குப் போகுமுன் நீங்களே செய்யக்கூடியவை சில உண்டு. வேறு பாட்டு, வேறு பிளேயர் போட்டுப் பாருங்கள். செட்டை அணைத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். கரகரப்பு இடம் மாறினால் ஸ்பீக்கரைத் தொடாதீர்கள். அதே ஸ்பீக்கரில் தங்கினால் மட்டும் அதன் ஒயரையும் ஃபோமையும் பாருங்கள். பிறகு, ஆம்ப்புக்குள் பாட்டு வரும் பக்கத்துப் பின்களை இடம் மாற்றுங்கள். வால்யூமைக் குறைத்தால் சத்தம் குறைகிறதா, சூடானால் கூடுகிறதா என்று கவனித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். மெக்கானிக்குக்கு அந்தத் தாள் பாதி வேலை. ஆம்ப்பின் மூடியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் லைனும், அணைத்த பிறகும் மின்சாரம் தாங்கி நிற்கும் கண்டன்சர்களும் இருக்கின்றன. இவ்வளவும் பார்க்காமல் "ஸ்பீக்கர் போச்சு" என்று யார் சொன்னாலும், பணத்தை எடுக்காதீர்கள்.